கப்போர்டு கதவில் எண்ணெய்ப் பிசுக்கா? துடைக்கும் முன் பாருங்கள்

தாளிக்கும்போது எழும் எண்ணெய்ப் புகை, அடுப்புக்குப் பக்கத்துக் கதவில்தான் முதலில் படியும். ஆனால் எல்லாக் கதவுக்கும் ஒரே வைத்தியம் செய்யாதீர்கள்.

நம் வீடுகளில் அதிகம் இருப்பது மைக்கா ஒட்டிய கதவு. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் சில சொட்டு விட்டு, துணியை நன்றாகப் பிழிந்து துடைத்தாலே போதும். விடாப்பிடிக் கறை என்றால் அந்தத் துணியையே அதன்மேல் ஐந்து நிமிடம் ஒட்டி வையுங்கள், பிசுக்கு இளகிவிடும். விளிம்புப் பட்டை இடுக்கில் மட்டும் தண்ணீர் இறங்கக் கூடாது. உள்ளே இருக்கும் எம்டிஎஃப் பலகை (மரநாரை அழுத்திச் செய்தது) உப்பிவிட்டால் பழைய நிலைக்கு வராது. ஸ்பிரே அடிப்பவர்கள் கதவில் அடிக்காமல் துணியில் அடியுங்கள்.

அக்ரிலிக் கதவுக்கு மைக்ரோஃபைபர் துணிதான். ஸ்கிரப்பர் பட்டால் கீறல் விழும். தின்னர், அசிட்டோன் பளபளப்பையே கெடுத்துவிடும்.

பாலிஷ் போட்ட தேக்குக்கு வினிகரும் சோடா மாவும் வேண்டாம், வீடியோக்களில் என்னதான் காட்டினாலும். மர ரேகை ஓடும் திசையிலேயே ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள்.

ஸ்டீல் கதவா? பிளீச் மட்டும் கூடாது, புள்ளி புள்ளியாக அரித்துவிடும்.

சிங்க் அடியில் உள்ள கதவுகளை அவ்வப்போது திறந்து வையுங்கள், ஈரம் தேங்காது.