அகத்தோக்ளிஸ்: காசைப் படிக்கும்போது சறுக்கும் இடங்கள்

பாக்ட்ரியாவை (இன்றைய வட ஆப்கானிஸ்தானும் அதை ஒட்டிய பகுதிகளும்) ஆண்ட கிரேக்க மன்னன் அகத்தோக்ளிஸைப் பற்றி எழுதுபவர்கள் பலர் "கிருஷ்ண பக்தனான கிரேக்க மன்னன்" என்றுதான் தொடங்குகிறார்கள். முதல் சறுக்கலே அதுதான்.

1970இல் வட ஆப்கானிஸ்தானின் ஐ கானூமில், பால் பெர்னார் தலைமையிலான பிரெஞ்சு அகழாய்வில் இவனுடைய ஆறு வெள்ளிக் காசுகள் கிடைத்தன. ஒரு பக்கம் பலராமன், கையில் கலப்பையும் உலக்கையும். மறுபக்கம் வாசுதேவன், சங்கும் சக்கரமும். இருவர் தலைக்கு மேலும் குடை போன்ற ஒன்று. பலராமன் பக்கம் கிரேக்க எழுத்து. வாசுதேவன் பக்கம் பிராமியில் 'ராஜனே அகதுக்லயச'. அந்தக் கடைசிச் சொல்லை அப்படியே மன்னன் பெயராக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது வேற்றுமை உருபு ஏறிய சொல்: 'அரசன் அகத்தோக்ளிஸினுடைய' காசு என்று பொருள்.

உள்ளங்கைக்குள் அடங்கும் இந்தச் சின்னத் தகடு எனக்கு மிகவும் பிடித்தமானது. வாசுதேவ வழிபாட்டுக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய உருவச் சான்றுகளில் ஒன்று இது. ஆனால் மன்னனின் மனசுக்குள் இருந்த பக்தியை இது சொல்லாது. அவனுடைய கிரேக்க எடைமுறைக் காசுகளை எடுத்துப் பாருங்கள்: கிரேக்கர்களின் தலைமைக் கடவுள் ஜீயஸ் நிற்கிறார், கையில் ஹெகேட் தேவி. வேறு சிலவற்றில் மதுக் கடவுள் டயனைசஸும் சிறுத்தையும். பலராமன் காசு இந்திய எடைமுறையில் அடிக்கப்பட்டது. இந்தியக் காசு புழங்கிப் பழகிய குடிமக்களுக்கு அவர்கள் கும்பிட்ட தெய்வங்களையே பொறித்துக் கொடுத்திருக்கிறான் என்றுதான் நான் படிக்கிறேன்.

அடுத்தது வம்சாவளி. அலெக்சாண்டர், டியோடோடஸ், யூத்திடெமஸ், டெமெட்ரியஸ், பாண்டாலியன் என்று முன்னோடிகளின் பெயரில் இவன் நினைவுக் காசுகள் வெளியிட்டான். உடனே அவர்கள் எல்லாரையும் இவனுக்குப் பாட்டன், முப்பாட்டன் ஆக்கிவிடுகிறார்கள். கலகம் செய்து ஆட்சியைப் பிடித்தவர்களின் வாரிசுகளை ஒழித்துத்தான் நான் அரசனானேன் என்று யூத்திடெமஸ் வாதாடியதை கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் பதிவு செய்திருக்கிறார். அவன் கைகாட்டியது டியோடோடஸின் குடும்பத்தை. ஒழித்தவன், ஒழிக்கப்பட்ட குடும்பத்தின் தலைவன் இருவருமே ஒரே காசு வரிசையில் நிற்கிறார்கள். இதில் ரத்த உறவைத் தேடிப் பயனில்லை. "இந்த அரியணைக்கு நானே உரியவன்" என்ற முழக்கம் அது.

சிசிலித் தீவின் சிரக்யூஸை ஆண்ட அகத்தோக்ளிஸ் வேறு ஆள், கி.மு. 289இலேயே இறந்துவிட்டான். படம் தேடும்போது இரண்டு பேரும் கலந்து வருவார்கள், கவனம்.

பாக்ட்ரிய அகத்தோக்ளிஸின் ஆட்சிக் காலம் கி.மு. 190–180 என்று பல இடங்களில் அடித்துச் சொல்லியிருப்பார்கள். நமக்குக் கிடைத்திருக்கும் பழைய நூல்களில் இவனைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. அந்த ஆண்டுகள் காசுகளை வரிசைப்படுத்திக் கணித்தவை. எழுதும்போது 'சுமார்' என்ற சொல்லை மறக்காமல் முன்னால் போடுங்கள்.