ட்ஸான், டூத், தந்தம்: ஜெர்மானியச் சொற்களுக்கு வேர் பிடிப்பது எப்படி?

ஜெர்மனிக்கு வேலைக்குப் போகும் செவிலியர்களுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுப்பது என் தொழில். வகுப்பில் யாராவது "மேடம், இது இங்கிலீஷ் மாதிரியே இருக்கே" என்று கிளப்பிவிட்டால் அன்றைய இலக்கணப் பாடம் அவ்வளவுதான். ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, ஸ்வீடிஷ் எல்லாம் ஒரே மூலத்திலிருந்து பிரிந்த ஜெர்மானிய மொழிகள். அந்த மூலச் சொல்லைத் தேடிப் பிடிக்க அப்போது அவர்களுக்குக் காட்டும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொல்லைப் பார்த்து எடுங்கள். உடல் உறுப்பு, எண், உறவுமுறை போன்றவற்றை மொழிகள் அவ்வளவு சுலபத்தில் கடன் வாங்குவதில்லை. பல்லை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் டூத், ஜெர்மனில் ட்ஸான், டச்சிலும் ஸ்வீடிஷிலும் டாண்ட். 4-ம் நூற்றாண்டில் உல்ஃபிலா என்ற ஆயர் பைபிளை மொழிபெயர்த்த, இன்று யாரும் பேசாத காதிக் மொழியில் டுன்துஸ். காதிக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள்; ஜெர்மானிய மொழிகளில் நீளமான நூலோடு கிடைக்கும் மிகப் பழைய மொழி அது. நோட்டில் எழுதும்போது ரோமன் எழுத்தையே பயன்படுத்துங்கள். நம் 'ட' இரண்டு ஒலிக்கு ஒரே எழுத்து, இந்த வேலைக்கு உதவாது. இங்கே நான் எழுதுவது வேறு வழியில்லாமல்.

அடுத்து, மெய்களை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். ஆங்கிலத்தில் ட, ஜெர்மனில் ட்ஸ். தற்செயலா? டென் – ட்ஸேன் (பத்து), டூ – ட்ஸ்வை (இரண்டு), டங் – ட்ஸுங்கெ (நாக்கு). இப்படி ஜோடிகள் வரிசையாக வந்தால் தற்செயல் இல்லை. மற்ற மொழிகள் எல்லாம் ட-வோடு நிற்பதால் மாறியது ஜெர்மன்தான் என்றும் தெரிகிறது.

சரி, டூத்தில் 'ன்' எங்கே போனது? ஜெர்மனில் வாய் முண்ட், ஆங்கிலத்தில் மவுத். வாத்து இனப் பறவை கான்ஸ், ஆங்கிலத்தில் கூஸ். ஐந்து ஃப்யுன்ஃப், ஆங்கிலத்தில் ஃபைவ். த், ஸ், ஃப் ஒலிகளுக்கு முன் வந்த 'ன்'னை ஆங்கிலம் விழுங்கிவிட்டது. ஆக மூலச் சொல்லில் ட, ன், த் மூன்றும் இருந்திருக்க வேண்டும். இப்படிக் கட்டிய வடிவத்துக்கு முன்னால் நட்சத்திரக்குறி போடுவது மரபு: எங்கும் எழுதிக் கிடைத்ததல்ல, கணக்குப் போட்டு எடுத்தது.

அதற்கும் மேலே ஏற, ஜெர்மானியத்தின் தூரத்துச் சொந்தங்களான லத்தீனும் சமஸ்கிருதமும் வேண்டும். லத்தீனில் பல்லுக்கு அடிச்சொல் 'டென்ட்', சமஸ்கிருதத்தில் 'தந்த'. யானைத் தந்தம் நமக்கு வந்தது அங்கிருந்துதான். அங்கே மெலிந்து ஒலிக்கும் முதல் மெய் (d) ஜெர்மானியத்தில் வன்மையாகிறது (t). ப, ஃப ஆகிறது: லத்தீன் பிஸ்கிஸ் – ஃபிஷ் (மீன்). க, ஹ ஆகிறது: லத்தீன் கோர்னு – ஹார்ன் (கொம்பு). மொழி ஆய்வாளர்களான டென்மார்க்கின் ரஸ்க் 1818-லும், ஜெர்மனியின் யாகோப் கிரிம் 1822-லும் இதை எழுதினார்கள். விதிக்குப் பெயர் கிரிமுக்குப் போய்விட்டது: 'கிரிம் விதி'.

இதில் நான் ரொம்பக் கறாராக இருக்கும் இடம் ஒன்று உண்டு. அச்சாக ஒன்றுபோல இருக்கும் சொற்களைச் சந்தேகப்படுங்கள். ஜெர்மனில் 'ஹாபென்' என்றால் வைத்திருப்பது. லத்தீன் 'ஹபேரெ'க்கும் அதே பொருள். பார்த்தால் உடன்பிறப்புகள், உண்மையில் உறவே இல்லை. ஜெர்மானிய ஹ-வுக்கு லத்தீனில் க அல்லவா இருக்க வேண்டும்? ஹாபெனின் நிஜச் சொந்தம் 'கபெரெ', பிடிப்பது.

கடன் சொற்களையும் இதே முறையில் பிடிக்கலாம். ஜெர்மனில் மீன் ஃபிஷ், மிளகு ப்ஃபெஃபர், காகிதம் பாப்பியர். மூன்றிலும் தொடக்கத்தில் பழைய ப. மீன் பரம்பரைச் சொத்து, எனவே முழுதாக ஃப ஆனது. மிளகு லத்தீன் 'பிபெர்' வழியாகப் பின்னால் வந்து, ஜெர்மனின் இரண்டாவது ஒலி மாற்றத்தில் மட்டும் சிக்கியது (முதலாவது கிரிம் விதி; ட, ட்ஸ் ஆனது இந்த இரண்டாவதில்தான்). காகிதம் எல்லாம் முடிந்த பிறகு வந்ததால் அப்படியே இருக்கிறது. அந்த 'பிபெர்' கிரேக்கம் வழியாக 'பிப்பலி' என்ற இந்தியச் சொல்லிலிருந்து போனது; நாம் திப்பிலி என்பது அதைத்தான்.

பொருளில் கொஞ்சம் தாராளமாக இருங்கள். ஆங்கில 'டீர்' மான். ஜெர்மன் 'டீர்' எந்த விலங்கும். ஆங்கிலம்தான் பொருளைச் சுருக்கிக்கொண்டது. ஒலியில் மட்டும் சலுகை கூடாது.

பழகிப் பார்க்க ஒன்று: இதயம். ஆங்கிலத்தில் ஹார்ட், ஜெர்மனில் ஹெர்ட்ஸ், டச்சில் ஹார்ட், ஸ்வீடிஷில் யார்ட்டா. கிரேக்கத்தில் 'கார்டியா', கார்டியாலஜி வார்டில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரிந்ததுதான். ஹ-வும் ட்ஸ்-ஸும் எங்கிருந்து வந்தன என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.