கண்ணைக் கட்டிக் கயிற்றில் சதுரம்: இளையோர் தலைமைப் பயிற்சியை முதல்முறை நடத்துவது எப்படி?

"பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய் ஏதாவது டீம் விளையாட்டு நடத்துங்களேன்" என்ற பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே ஐம்பது விளையாட்டுகளைத் தேடிப் பட்டியல் போடாதீர்கள். ஒரு விளையாட்டு, இரண்டு சுற்று, நடுவில் ஒரு பேச்சு. முதல்முறைக்கு இது தாராளம். 13 முதல் 18 வயதுக்காரர்களுக்கு நான் எப்போதும் முதலில் எடுப்பது கயிற்றுச் சதுரம்தான்.

படி 1: ஆளும் இடமும்

8 முதல் 12 பேர் வரை சரி. அதற்கு மேல் போனால் நாலு பேர் வேலை செய்வார்கள், மற்றவர்கள் கயிற்றைப் பிடித்தபடி அரட்டை அடிப்பார்கள். இரண்டு குழுவாகப் பிரித்துவிடுங்கள். சாரணர் இயக்கத்துக்கு வித்திட்ட 1907 பிரௌன்சி தீவு முகாமில் பேடன் பவலும் இதைத்தான் செய்தார். சுமார் 20 சிறுவர்களை நான்கு அணியாகப் பிரித்து, அணிக்கு ஒரு சிறுவனைத் தலைவனாக்கி, பொறுப்பை அவன் கையில் விட்டார்.

சமதரையான திடல் வேண்டும். பிள்ளைகள் வருமுன் ஒருமுறை நடந்து பாருங்கள். கல், குழி, முள், தரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் வேர் எல்லாம் கண் கட்டியவர் காலுக்கு எமன்.

படி 2: சாமான்கள்

விரல் தடிமனில் 20 மீட்டர் பருத்திக் கயிறு. மெல்லிய நைலான் கயிறு கையை அறுக்கும், வேண்டாம். இரு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டு வளையமாக்குங்கள். கண் கட்ட ஆளுக்கொரு துணி, ஒரு கடிகாரம், குடிநீர், முதலுதவிப் பெட்டி. உங்களுக்கு ஒரு சின்ன நோட்டும் பேனாவும்.

படி 3: விதிகளைச் சொல்வது

ஒரு நிமிடத்துக்குள் முடியுங்கள். "கயிறு முழுவதையும் பயன்படுத்தித் தரையில் ஒரு சதுரம் போட வேண்டும். எல்லாருடைய ஒரு கையாவது கயிற்றில் இருக்கணும். கண்கட்டை அவிழ்க்கக் கூடாது. சரியா வந்துடுச்சுன்னு நீங்களே முடிவு பண்ணி, கயிற்றைக் கீழே வெச்சுட்டுச் சொல்லுங்க. 20 நிமிஷம்."

பாதுகாப்புக்கு மூன்று விதி: ஓடக் கூடாது, கயிற்றை மணிக்கட்டில் சுற்றக் கூடாது, "நில்" என்று குரல் கேட்டால் அப்படியே நிற்க வேண்டும். கண் கட்டப் பிடிக்காத பிள்ளை கண்ணை மூடிக்கொண்டால் போதும், வற்புறுத்தாதீர்கள்.

படி 4: வாயை மூடிக்கொள்வது

இதுதான் கஷ்டமான படி. முதல் மூன்று நிமிடம் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். உங்களுக்கு விடை தெரியும்: முடிச்சிலிருந்து கயிற்றை இரண்டாக மடித்து, மறுபடி இரண்டாக மடித்தால் நான்கு மூலைகள் கிடைத்துவிடும். சொல்லிவிட நாக்கு துடிக்கும். சொல்லாதீர்கள். அதற்குப் பதில் நோட்டில் எழுதுங்கள். 'இவன் திமிர் பிடித்தவன்' மாதிரி அபிப்பிராயம் வேண்டாம். யார், எப்போது, என்ன சொன்னார், என்ன செய்தார் என்பது மட்டும் போதும்.

ஒருமுறை ஒரு பெண் நாலாவது நிமிடத்திலேயே "ரெண்டா மடிச்சா என்ன?" என்றாள். யார் காதிலும் விழவில்லை. இன்னும் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். பன்னிரண்டாவது நிமிடம், குழுவிலேயே உரத்த குரல்காரன் அதையே சொன்னான். கூட்டம் உடனே மடிக்க ஆரம்பித்தது. நான் எழுதியது இரண்டே வரி: "4 நிமி – மடிப்பு, அவள். 12 நிமி – மடிப்பு, அவன்."

படி 5: பேச்சு

இதை அவசரப்பட்டு வெட்டிவிடாதீர்கள். விளையாட்டு 20 நிமிடம் என்றால் பேச்சுக்கும் 20 நிமிடம். கண்கட்டை அவிழ்த்ததும் கயிற்றைச் சுற்றியே உட்காரச் சொல்லுங்கள். பெரும்பாலும் சதுரம் சாய்ந்து வைரமாகத்தான் கிடக்கும், ஏனென்றால் நான்கு பக்கமும் சமமாக இருந்தால் மட்டும் சதுரம் ஆகிவிடாது. எதிரெதிர் மூலைகளுக்கு இடையிலான இரண்டு தூரமும் சமமா என்று அடி வைத்து அளக்கச் சொல்லுங்கள். சிரிப்பு வரும், இறுக்கம் தளரும்.

பிறகு மூன்று கேள்விகள், இதே வரிசையில்: என்ன நடந்தது? ஏன் அப்படி நடந்தது? அடுத்த சுற்றில் எதை மாற்றுவோம்? பேசாதவரைப் பார்த்து "நீ ஏன் பேசலை?" என்று கேட்டால் இன்னும் சுருங்கிவிடுவார். நான் அன்று உரத்த குரல்காரனைக் கேட்டேன்: "மடிக்கிற யோசனை உனக்கு எப்படி வந்தது?" கொஞ்சம் யோசித்தான். "யாரோ சொன்ன மாதிரி இருந்துச்சு" என்றான். யார் என்று அவனே வட்டத்தைச் சுற்றிப் பார்த்தான். அதற்குமேல் நான் பேச வேண்டியிருக்கவில்லை.

படி 6: இரண்டாம் சுற்று

இம்முறை சமபக்க முக்கோணம். கண் கட்டுமுன் மூன்று நிமிடம் திட்டமிட விடுங்கள். முதல் சுற்றில் அதிகம் பேசிய இருவர் இதில் வாய் திறக்கக் கூடாது. கை மட்டும்தான் வேலை செய்யலாம்.

நேரம் மிஞ்சினால் ஹீலியம் குச்சி. நீளமான, எடை குறைந்த ஒரு குச்சியை எல்லாரும் நீட்டிய ஆள்காட்டி விரல் மேல் தாங்கி, விரல் விலகாமல் தரையில் இறக்க வேண்டும். தொடர்பு விட்டுப்போகுமோ என்று ஆளாளுக்கு லேசாக அழுத்த, குச்சி மேலே ஏறும். ஒருவரையொருவர் குறை சொல்லும் சத்தம் அமோகமாக இருக்கும்.

முதுகுப்புறமாகச் சாய்ந்து விழுந்து மற்றவர்கள் பிடிக்கும் விளையாட்டை மட்டும், முறையான பயிற்சி இல்லாமல் தொடாதீர்கள்.

முடிந்ததும் கயிற்றைச் சுருட்டும் வேலையை அவர்களிடமே விடுங்கள். சொல்லாமலே முதலில் குனிவது யார் என்பதையும் நோட்டில் குறித்துக்கொள்ளலாம்.