வயதான ஓக் மரம் வாடும்போது செய்யக்கூடாதவை

இங்கிலாந்தில் பழைய வீடு வாங்கினால், நூறு இருநூறு வயதான ஓக் மரம் ஒன்றும் தோட்டத்தோடு சேர்ந்து வருவதுண்டு. அதன் உச்சி காயத் தொடங்கியதும் பதறிப்போய்ச் செய்யும் வேலைகளே பல மரங்களை முடித்துவிடுகின்றன. இன்று இலையில் தெரியும் வாட்டம் பெரும்பாலும் சில ஆண்டுகளுக்கு முன் வேரில் தொடங்கியது.

உச்சியில் நாலு கிளை பட்டுப்போனதுமே மரம் போய்விட்டது என்று முடிவுகட்டாதீர்கள். முதிர்ந்த ஓக் மேற்கிளைகளைக் கைவிட்டுக் கீழே புதுத் தழை கட்டிக்கொள்ளும். மேலே மான்கொம்பு போல் காய்ந்த கிளைகள் நிற்க, கீழே பச்சை அடர்ந்திருந்தால் அது முதுமையின் இயல்பு. மரம் முழுக்கத் தழை மெலிந்து ஊடாக வானம் தெரிந்தால்தான் கவலைப்பட வேண்டும். அதையும் ஜூலையில் பாருங்கள். சில ஆண்டுகளில் தளிர் விரியவே மே நடுப்பகுதி ஆகிவிடும். மே மாதத்தில் புழு மொட்டையடித்த மரமும் கோடையில் மறுபடி தழைக்கும்.

வெயில் படும் பக்கத்தில் ஒரு சிறுகிளையை நுனியிலிருந்து தடவிப் பாருங்கள். ஒவ்வொரு வளர்ச்சியும் தொடங்கிய இடத்தில், மொட்டுச் செதில்கள் உதிர்ந்த நெருக்கமான வளையத் தழும்பு இருக்கும். இரண்டு தழும்புக்கு இடைப்பட்டது பொதுவாக ஓர் ஆண்டு வளர்ச்சி. கோடையில் இரண்டாம் தளிர் விட்டிருந்தால் கூடுதலாக ஒரு தழும்பு விழும். இடைவெளி எந்த ஆண்டிலிருந்து குறுகியது என்று கணக்கிட்டு, அதற்குச் சற்று முன்னால் கார் நிறுத்தத் தளம் போட்டார்களா, குழாய்க்குப் பள்ளம் வெட்டினார்களா என்று விசாரியுங்கள். காரணம் பல சமயம் அங்கேயே கிடைத்துவிடும்.

பட்டையில் கரிய நீர் கசிந்து, பக்கத்தில் ஒருபுறம் தட்டையான, சுமார் 4 மி.மீ. துளைகளும் இருந்தால் அது 'அக்யூட் ஓக் டிக்ளைன்' ஆக இருக்கலாம். பாக்டீரியாவும் ஒருவகை வண்டும் தொடர்புடைய நோய் இது. இதற்கு மருந்து கிடையாது, விற்க வந்தாலும் வாங்காதீர்கள். மரநோய்களைப் பதிவுசெய்யும் 'ட்ரீஅலர்ட்' இணையதளத்தில் தெரிவியுங்கள். சில மரங்கள் தாமாகவே தேறிவிடுகின்றன.

மிகப் பெரிய தவறுகள் மண்ணில்தான் நடக்கின்றன. ஓக்கின் பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணின் 60 செ.மீ.க்குள் பரந்து, கிளை விரிவையும் தாண்டி ஓடுகின்றன. கட்டட வேலைக்கான பிரிட்டிஷ் தரக் கணக்குப்படி, 1.5 மீட்டர் உயரத்தில் அளந்த அடிமர விட்டத்தின் 12 மடங்கு தூரம் வரை வேர்ப்பகுதி. 90 செ.மீ. விட்டமுள்ள மரத்துக்கு 10.8 மீட்டர். இதற்குள் கார் நிறுத்தாதீர்கள், செங்கல் அடுக்காதீர்கள், புல்தரையைச் சமப்படுத்த மண்ணும் கொட்டாதீர்கள். மண் இறுகினால் வேருக்குக் காற்று போகாது. இறுகிய மண்ணைக் கொத்திவிடுவதும் கூடாது. இருக்கிற சல்லிவேரும் அறுந்துபோகும். அழுத்தக் காற்றால் மண்ணை இளக்கும் கருவி நல்ல மர நிபுணர்களிடம் உண்டு.

நீங்களே செய்யக்கூடியது மூடாக்கு. புல்லை வேரோடு தோண்டாமல், பாதி மக்கிய மரச்சீவலை 5 முதல் 10 செ.மீ. கனத்துக்குப் பரப்புங்கள், எவ்வளவு அகலமாக முடியுமோ அவ்வளவு நல்லது. அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் இடம் விடுங்கள். ஈரச்சீவல் பட்டையோடு ஒட்டிக் கிடந்தால் பட்டை அழுகும். பலன் தெரிய மூன்று நான்கு ஆண்டுகள்கூட ஆகலாம், அதுவரை வேறு வைத்தியத்துக்குத் தாவாதீர்கள்.

தினமும் கொஞ்சம் தெளிப்பதால் புல்தான் செழிக்கும். நீண்ட வறட்சியில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, மண் ஒரு சாண் ஆழம் நனைய, அடிமரத்தை விட்டுத் தள்ளிப் பாய்ச்சுங்கள். நைட்ரஜன் உரம் வேண்டாம். வேர் நலிந்த மரத்தில் அது தழையை மட்டும் தூண்டும். களைக்கொல்லி கலந்த புல்தரை உரம் இன்னும் மோசம், அதிலுள்ள டைகாம்பா போன்ற மருந்தை மரத்தின் வேரும் உறிஞ்சிக்கொள்ளும்.

பாரத்தைக் குறைக்கிறேன் என்று உச்சியை மொட்டையடிப்பது, நோயாளியின் சோற்றைப் பிடுங்குவதுதான்: மரத்துக்கு உணவு செய்வதே இலை. 10 செ.மீ.க்கு மேற்பட்ட வெட்டுக்காயத்தை முதிய ஓக்கால் எளிதில் மூட முடியாது, அழுகல் உள்ளே இறங்கும். ஆள் நடமாட்டத்துக்கு மேலே தொங்கும் காய்ந்த கிளைகளை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். காயத்துக்குப் பெயின்ட் பூசாதீர்கள், பொந்தில் சிமென்ட் அடைக்காதீர்கள். அமெரிக்காவில் ஓக் வாடல் நோய் உள்ள மாநிலங்களில் மட்டும் கதை வேறு. அங்கே வசந்த காலத்தில் வெட்டவே கூடாது, வெட்ட நேர்ந்தால் உடனே பெயின்ட் பூச வேண்டும்.

வெட்டும் முன் உள்ளூர் கவுன்சிலில் மரப் பாதுகாப்பு ஆணை உள்ளதா என்று கேளுங்கள். ஆணை உள்ள மரத்தை அனுமதியின்றி வெட்டுவது குற்றம். பழமையைக் காக்கக் கவுன்சில் அறிவித்த பாதுகாப்புப் பகுதியில் ('கன்சர்வேஷன் ஏரியா') வீடு இருந்தால் கவுன்சிலுக்கு ஆறு வாரம் முன்னறிவிப்பு தர வேண்டும். பொந்தில் வௌவால் தங்கியிருந்தால் அதற்குத் தனிச் சட்டம். வெட்டுக்கூலி வாங்குகிறவரிடமே மரம் பிழைக்குமா என்று கேட்காமல், ஆய்வுக்கு மட்டும் கட்டணம் வாங்கும் நிபுணரை அழையுங்கள்.