'சூப்பர்' போடுறதுக்கு முன்னாடி

கொடைக்கானல் பக்கத்துப் பூம்பாறையில் வீட்டு முகப்பில் கட்டித் தொங்கவிட்டிருந்த மலைப்பூண்டைப் படமெடுத்து ஃபேஸ்புக்கில் போட்டேன். வந்த கமெண்ட் என்ன? 'சூப்பர்', 'வாவ்', நாலு பூங்கொத்து, நடுவில் 'கொடைக்கானலில் ரூம் வேணுமா? வாட்ஸப் பண்ணுங்க'. ஒரே ஒருத்தர்தான், "அண்ணே, இதுக்குப் புகை போடுவாங்களாமே, எதுக்கு?" என்று கேட்டிருந்தார். கெடாமல் இருக்கத்தான் என்று ஆரம்பித்து, 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது வரைக்கும் அவருக்கு உட்கார்ந்து எழுதினேன்.

இப்படிப் பதில் வரவைக்கிற கமெண்ட் எழுத வழி இதுதான். படத்தில் உங்கள் கண்ணில் பட்ட ஏதாவது ஒன்றைப் பெயர் சொல்லி எழுதுங்கள், தெரியாததைக் கேளுங்கள். இரண்டு வரி போதும்.

தப்பு தெரிந்தால் சொல்லலாம், ஆனால் 'பொய்!' என்று பாயாதீர்கள். எந்த ஊதாப்பூவைப் பார்த்தாலும் நீலக்குறிஞ்சி என்று போடுகிறவர்கள் இங்கே நிறைய. "இது வேற வகைக் குறிஞ்சியா இருக்கும்ங்க, நீலக்குறிஞ்சி இங்க 2018-ல பூத்துச்சு, இனி 2030-லதான்" என்று எழுதினால் அவரும் கோபிக்கமாட்டார், படிக்கிற பத்துப் பேருக்கும் தெரியும்.

ஒரே வரியை இருபது இடத்தில் ஒட்டுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். யூடியூபில் அப்படிப்பட்டதை ஸ்பாம் என்று ஒதுக்கிவிடுவார்கள். லிங்க் வைத்தால் இன்னும் சீக்கிரம். ஹோம்ஸ்டே நடத்துகிறவரா? 'ரூம் வேணுமா' என்பதற்குப் பதில், யாராவது கொடைக்கானலுக்கு வருவதற்கான இ-பாஸ் பற்றிக் கேட்டால் விவரமாகச் சொல்லுங்கள். ரூம் தேவைப்பட்டால் அவரே உங்கள் பக்கத்துக்கு வந்து பார்ப்பார்.