உறுமும் நாயை அடிக்காதீர்கள்

ஏழெட்டு மாதம் வரை வீட்டாரின் காலையே சுற்றிக்கொண்டிருந்த இராஜபாளையம் நாய், ஒருநாள் சோற்றுத் தட்டருகே வந்த பிள்ளையைப் பார்த்து உறுமுகிறது. உடனே வீட்டுப் பெரியவர் ஓங்கி ஓர் அடி வைக்கிறார். வளரிளம் பருவ நாய் சீறத் தொடங்கும் வீடுகளில் நடக்கும் தவறுகளிலேயே பெரியது இதுதான் என்பேன்.

உறுமல் என்பது நாய் நமக்குத் தரும் எச்சரிக்கை. உடல் விறைத்தல், முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல், கடைக்கண்ணில் வெண்மை தெரியப் பார்த்தல், காரணமின்றி உதட்டை நக்குதல் ஆகிய அடையாளங்களை நாம் கவனிக்காதபோதுதான் அது பெரும்பாலும் குரலை எழுப்புகிறது. அதற்கு அடி விழுந்தால், உறுமக் கூடாது என்பதை மட்டும் நாய் கற்றுக்கொள்கிறது; தட்டு பறிபோய்விடுமோ என்ற அச்சம் அப்படியே இருக்கிறது. "சத்தமே இல்லாமல் திடீரென்று கடித்துவிட்டது" என்று பின்னர் சொல்லப்படும் பல நாய்களின் சத்தத்தை அடக்கியது வீட்டார்தான். நாய் உறுமினால் அசையாமல் நின்று, பிள்ளையை மெதுவாக அப்பால் அழைத்து, எந்த இடத்தில் எதற்காக உறுமியது என்பதைக் குறித்து வைப்பதே சரியான செயல்.

"யார் எஜமான் என்று காட்ட வேண்டும்" என்று நாயை மல்லாத்தி அமுக்கும் பழக்கமும் பரவியிருக்கிறது. இந்தக் கருத்தின் வேர், சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக் காட்சியகத்தில் அடைபட்டிருந்த ஓநாய்கள் தலைமைக்காக மோதுவதைக் கவனித்து ஆய்வாளர் ருடால்ஃப் ஷெங்கல் 1947இல் எழுதிய ஆய்வில் இருக்கிறது. ஆனால் காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் கொண்ட குடும்பமே என்பதை ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1999இல் தெளிவாக்கினார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் 2009இல் வெளியிட்ட ஆய்வில், நாயை அடித்த அல்லது உதைத்த உரிமையாளர்களில் 43 சதவீதத்தினர், அது பதிலுக்குச் சீறியதாகவோ கடிக்க வந்ததாகவோ கூறினார்கள். தோளுயரம் ஏறத்தாழ 65 முதல் 75 செ.மீ. வரை வளரும் நாயிடம் இப்படி மல்லுக்கு நிற்பது, வீட்டில் உள்ள எல்லாரையும் ஆபத்தில் தள்ளுவதாகும்.

இதற்கு நேர் எதிரான தவறு, "வயசுக்கோளாறு, வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று காத்திருப்பது. வளரிளம் பருவத்தில் கீழ்ப்படிதல் குறைவது உண்மைதான்; ஐந்து மாதத்தில் கேட்ட சொல்லை எட்டு மாதத்தில் நாய் வளர்த்தவரிடம் கேட்பதில்லை என்பதை நியூகாசில் பல்கலைக்கழகத்தின் 2020 ஆய்வு காட்டியது. ஆனால் சொல் கேளாமை வேறு, சீற்றம் வேறு. வந்தவரைக் குரைத்து விரட்டுவதில் ஒவ்வொரு முறை வெல்லும்போதும் நாய்க்கு அந்த வழக்கம் ஊறிப்போகிறது. பெரிய இனங்களின் இப்பருவம் இரண்டு வயது வரைகூட நீளும் என்பதால், பொறுத்திருப்பது மிக நீண்ட பொறுத்திருப்பாகிவிடும்.

மருத்துவரிடம் காட்டாமலே குணத்தைக் குறை சொல்வதும் தவறு. வளரும் எலும்பின் வலி, இடுப்பு மூட்டுக் கோளாறு, காதுப் புண் ஆகியவை சாதுவான நாயையும் தொட்டால் சீற வைக்கும். வெள்ளை நிற இராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிட்டுத்தன்மையும் காணப்படுகிறது. காது கேளாத நாயைத் தூக்கத்தில் தொட்டால் அது பதறிக் கடிக்கலாம். தரையைக் காலால் தட்டி, அதிர்வில் எழுப்ப வேண்டும்.

குட்டியிலிருந்தே தட்டில் கைவிட்டுப் பழக்கினால் உணவுக்காகச் சீறாது என்பது பலரும் நம்பும் யோசனை. அது நாயின் சந்தேகத்தையே வளர்க்கிறது. மாறாக, பெரியவர் ஒருவர் நாய் பதற்றமின்றி உண்ணும் தொலைவில் கடந்து செல்கையில் வேகவைத்த கோழித் துண்டொன்றைத் தட்டருகே போட்டுச் சென்றால், மனிதர் நெருங்குவது நல்லதற்கே என்பதை அது நாளடைவில் உணரும். பிள்ளைகளை இந்தப் பயிற்சியில் ஈடுபடுத்தக் கூடாது. பகல் முழுவதும் சங்கிலியில் கட்டுவதும் சீற்றத்தைக் கூட்டும். விதைநீக்கம் செய்தால் எல்லாம் அடங்கும் என்ற நம்பிக்கைக்கும் உறுதியில்லை. அச்சத்தால் சீறும் நாயிடம் அது பயனளிக்காமல் போகலாம் என்பதால், மருத்துவரிடம் பேசிய பிறகே முடிவெடுக்க வேண்டும்.

பல் பட்டுத் தோல் கிழிந்துவிட்டால், நம் வீட்டு நாய்தானே, வெறிநோய்த் தடுப்பூசி போட்டதுதானே என்று இருந்துவிடக் கூடாது. ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.