கதை வாசிக்கும் ஆண்கள் தங்கள் குரலை எங்கெல்லாம் ஒளித்துவைக்கிறார்கள்

கதை வாசித்துப் பதிவிட ஆசைப்படும் ஆண்களிடம் முதலில் கேட்கும் புலம்பல் ஒன்றுதான்: "என் குரலைத் திரும்பப் போட்டுக் கேட்டா எனக்கே சகிக்கல."

இதில் பாதிக்கு உடம்புதான் காரணம். நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டும் காதுக்கு வருவதில்லை, மண்டை எலும்பு வழியாகவும் உள்காதைப் போய்ச் சேருகிறது. எலும்பு வழியே வருவதில் கீழ்ஸ்தாயி தூக்கலாக இருக்கும். அதனால் நம் குரல் கொஞ்சம் கனமானது என்றே நாம் நம்பி வளர்ந்திருக்கிறோம். ரெக்கார்டிங்கில் அந்தக் கனம் இல்லை. வீட்டிலும் வேலை செய்யும் இடத்திலும் எல்லோரும் இத்தனை வருஷமாகக் கேட்டுவருவது அந்த மெலிந்த குரலைத்தான். யாரும் எழுந்து ஓடிவிடவில்லை.

மிச்சப் பாதி கூச்சம். கூச்சப்படுவதில் தப்பொன்றும் இல்லை. அதை மறைக்க நாம் செய்யும் வேலைகள்தான் கதையைக் கெடுக்கின்றன. புதியவர்களின் பதிவுகளைக் கேட்கும்போது எனக்குத் தென்படும் தவறுகளில் பெரும்பாலானவை, வாசிப்பவர் தன் குரலை ஒளித்துவைக்கத் தேடிப்பிடித்த இடங்கள்.

அடிக்குரல்

எல்லோரும் முதலில் போய் ஒளியும் இடம் இது. ஆண் குரல் என்றால் கணீரென்று, கனமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம். இலங்கை வானொலியில் கே.எஸ்.ராஜாவையும் பி.எச்.அப்துல் ஹமீதையும் கேட்டு வளர்ந்தவர்களுக்கும் அது உண்டு, சினிமா டிரெய்லர் கேட்டு வளர்ந்தவர்களுக்கும் உண்டு. ஆனால் அறிவிப்பு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். கதையோ நாற்பது நிமிடம் ஓடும். அறிவிப்பாளர் குரலில் ஒரு கிழவி மருமகளிடம் காபி கேட்பதை வாசித்துப் பாருங்கள், புரிந்துவிடும்.

ஆண்களின் பேச்சுக்குரல் பெரும்பாலும் 85 முதல் 180 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். அதற்குள் ஒவ்வொருவருக்கும் இயல்பான ஓர் இடம் உண்டு. அதற்குக் கீழே வலிந்து அழுத்தினால் குரல் கரகரக்கும், ஏற்ற இறக்கம் போய்விடும். கதையில் துக்கம் வரும், ரகசியம் வரும், மிரட்டல் வரும். அதற்கெல்லாம் இறங்க இடம் வேண்டாமா? முதல் வரியிலேயே தரைக்கு வந்துவிட்டால் அப்புறம் எங்கே இறங்குவது? அதோடு பத்து நிமிடத்தில் தொண்டை களைத்துக் குரல் தானாகவே பழைய இடத்துக்கு ஏறிவிடும். கேட்பவருக்கு ஒரே கதையை இரண்டு பேர் வாசித்ததுபோல இருக்கும்.

மைக்கை வாயோடு ஒட்டிவைத்துக் கனத்தைக் கூட்டுவது இதே தவறின் இன்னொரு முகம். முன்பக்கம் மட்டும் கேட்கும் கார்டியாய்ட் வகை மைக்கில், நெருங்க நெருங்கக் கீழ்ஸ்தாயி வீங்கும். நமக்கு ஹெட்ஃபோனில் சொர்க்கமாக இருக்கும். கேட்பவர்களில் பலர் சமையலறையில் செல்போன் ஸ்பீக்கரில் கேட்கிறார்கள், அந்தச் சின்ன ஸ்பீக்கரில் கீழ்ஸ்தாயி அநேகமாக வராது. நீங்கள் பாடுபட்டுச் சேர்த்த கனம் அங்கே காணாமல் போய், சொல் தெளிவில்லாத மொணமொணப்பு மட்டும் மிஞ்சும். ஒரு சாண் தள்ளி, மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். 'ப' வரும்போதெல்லாம் மைக்கில் காற்று மோதும் தொல்லையும் அதிலேயே பெருமளவு குறைந்துவிடும்.

உங்கள் இயல்பான இடம் எது என்று தெரியாவிட்டால், போனில் பழைய நண்பன் கதை சொல்ல நீங்கள் "ம்… ம்… சரி" என்று கேட்டுக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள். அந்த "ம்" எங்கே நிற்கிறதோ அங்கேயிருந்து கதையைத் தொடங்கலாம்.

ராத்திரி பன்னிரண்டு மணி

வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு ரெக்கார்டிங். காரணம் கேட்டால் "அப்பத்தான் சத்தம் இருக்காது" என்பார்கள். உண்மையான காரணம் பல பேருக்கு வேறு. மனைவியோ அம்மாவோ கேட்டுச் சிரித்துவிடக் கூடாது. விளைவு என்ன ஆகிறதென்றால், பக்கத்து அறைக்குக் கேட்காத அளவில் பேசும் ஒரு குரல் உருவாகிறது. காற்றுக் கலந்த, பாதி கிசுகிசுப்பு. சந்தைக் காட்சியும் அதில்தான், சண்டைக் காட்சியும் அதில்தான். "டேய், நில்லுடா!" என்று ஒருவன் தெருவில் கத்துகிறான். வாசிப்பவரோ தொட்டிலில் குழந்தை தூங்குவதுபோல அதைச் சொல்கிறார்.

வீட்டில் சொல்லிவிடுங்கள். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒரு மணி நேரம் உள்ரூம்ல கதை படிக்கப் போறேன், சத்தமாத்தான் படிப்பேன்" என்று அறிவித்தால் முதல் நாள் கிண்டல் இருக்கும், மூன்றாவது வாரம் "இன்னைக்குப் படிக்கலையா?" என்று கேட்பார்கள். காய்கறி வண்டி ஸ்பீக்கர் போகும்போது நிறுத்திக்கொள்ளலாம், குக்கர் விசிலுக்குக் காத்திருக்கலாம். சத்தத்தைப் பிறகு வெட்டி எடுத்துவிடலாம், அடங்கிப் பேசிய குரலை மட்டும் எந்த மென்பொருளாலும் நிமிர்த்த முடியாது.

இடம் பற்றி ஒரே வார்த்தை: டைல்ஸ் போட்ட வெறும் ஹால் வேண்டாம், எதிரொலிக்கும். மெத்தையும் துணிமணியும் உள்ள படுக்கையறையில், ஃபேனை நிறுத்திவிட்டு, பீரோவைத் திறந்து தொங்கும் துணிகளைப் பார்த்தபடி வாசியுங்கள். வியர்க்கும். வேறு வழியில்லை.

தமிழ் வாக்கியத்தின் வால்

இதுதான் எனக்கு முக்கியமாகப் படுவது. குரல் பயிற்சி பற்றிய ஆங்கில வீடியோக்களில் இது கிடைக்காது.

தமிழில் வாக்கியத்தின் உயிர் கடைசியில் இருக்கிறது. வந்தானா வந்தாளா, வந்தாரா, வரவே இல்லையா என்பது எல்லாம் கடைசி அசையில்தான் தெரியும். கூச்சமுள்ளவர் செய்யும் முதல் காரியம், வாக்கியத்தை நன்றாகத் தொடங்கி, முடிவுக்கு வரும்போது மூச்சு தீர்ந்து விழுங்கிவிடுவது. "அவன் கதவைத் திற…" அவ்வளவுதான். திறந்தானா இல்லையா என்று தெரியாமல் கேட்பவர் பின்னால் ஓட்டிக் கேட்க வேண்டும். ஒருமுறை ஓட்டுவார். இரண்டாம் முறை வேறு எதையாவது போட்டுக் கேட்கப் போய்விடுவார்.

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்:

"மழை விட்டும் தூவானம் விடாத அந்தச் சாயங்காலத்தில், கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வாசலில் நின்று பீடியைப் பற்றவைத்துக்கொண்டிருந்த மாணிக்கம், தெருமுனையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவது தன் தம்பிதான் என்று தெரிந்ததும் பீடியைக் கீழே போட்டு மிதித்தார்."

தயாரில்லாமல் வாசிப்பவர் "சாயங்காலத்தில்" வரை ஜோராகப் போவார், "பற்றவைத்துக்கொண்டிருந்த" என்ற இடத்தில் மூச்சு முட்டும், அங்கே நிறுத்துவார். அது நிறுத்தவே கூடாத இடம். 'இருந்த' என்ற எச்சம் மாணிக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நிறுத்த வேண்டியது "மாணிக்கம்" என்ற பெயருக்குப் பிறகு. அடுத்து "தம்பிதான்" என்பதில் சின்ன அழுத்தம், "தெரிந்ததும்" என்ற இடத்தில் அரை மூச்சு. அப்புறம் "மிதித்தார்" முழுசாக விழ வேண்டும். அந்த ஒரு வினைச்சொல்லுக்காகத்தான் எழுத்தாளர் இத்தனை தூரம் நம்மைக் கூட்டிவந்திருக்கிறார்.

பென்சிலை எடுத்து மூச்சு விடும் இடங்களில் கோடு போடுங்கள். ஆசிரியர் போட்ட காற்புள்ளியை நம்பாதீர்கள், அது கண்ணுக்காகப் போட்டது.

உரையாடலில் இன்னொரு பொறி இருக்கிறது. "என்றான்", "என்றாள்", "என்று முணுமுணுத்தார் பெரியவர்" எல்லாம் தமிழில் பெரும்பாலும் பேச்சுக்குப் பின்னால் வரும். முன்பே படித்துப் பார்க்காமல் வாசித்தால், "வெளியே போ!" என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு, அடுத்த சொல்லில் "என்று மெல்லச் சொன்னாள்" என்று வந்து நிற்பீர்கள். மைக் முன்னால் உடைந்துபோகும் தன்னம்பிக்கையில் பாதி இப்படி உடைவதுதான். அடுத்து என்ன வருமென்று தெரியாதவருக்குக் குரல் நடுங்கத்தான் செய்யும். அதைக் குரலின் குறை என்று எண்ணிக்கொள்கிறார்கள். கதையை மூன்று முறை படியுங்கள், ஒரு முறையாவது வாய்விட்டு.

வேகம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நிமிடத்துக்கு 150 சொல் என்பது ஆங்கிலத்துக்கான கணக்கு. "பற்றவைத்துக்கொண்டிருந்த" என்பதை ஒரே சொல்லாக எண்ணும் மொழிக்கு அது ஒத்துவராது. அதைத் துரத்தினால் ழகரமும் ளகரமும் ஒன்றாகிவிடும்.

பெண் பாத்திரம் வந்ததும்

ஆண்கள் மிகவும் பயப்படும் இடம். பயத்தில் இரண்டில் ஒன்று நடக்கும். கீச்சுக்குரலுக்குப் போவார்கள், அது பட்டிமன்ற மிமிக்ரி ஆகிவிடும். அல்லது எல்லோரையும் ஒரே தட்டையான குரலில் வாசித்துத் தப்பிப்பார்கள்.

சுருதியை ஏற்ற வேண்டியதே இல்லை. "சாப்பிட்டியா?" என்ற ஒரு வரியை எடுங்கள். வெளியூரிலிருந்து வந்த மகனிடம் அம்மா கேட்பது, சொல் நீண்டு, 'யா' மேலே தொங்கும். மூன்று நாளாகப் பேசாத மனைவி அடுக்களையிலிருந்து கேட்பது, தட்டு வைக்கிற சத்தம்போலச் சட்டென்று முடியும். இரண்டையும் உங்கள் சொந்தச் சுருதியிலேயே சொல்லிப் பாருங்கள். யார் பேசுகிறார் என்பதில் குழப்பமே வராது. குரலின் உயரத்தை மாற்றுவதைவிட, அந்த ஆள் என்ன வேண்டிப் பேசுகிறார் என்று தெரிந்து பேசுவது எளிது, நெடுநேரம் தாங்கவும் செய்யும்.

வட்டார வழக்கிலும் இதே எச்சரிக்கை. நாகர்கோவில் பேச்சோ கொங்குப் பேச்சோ உங்களுடையது இல்லையென்றால் சினிமாவில் கேட்டதை வைத்து ஓட்டாதீர்கள், அந்த ஊர்க்காரருக்கு ஒரு வரியிலேயே தெரிந்துவிடும். அந்தப் பக்கத்து நண்பர் யாரிடமாவது அந்த உரையாடலை வாட்ஸப்பில் பேசி அனுப்பச் சொல்லி, இழுவையும் நிறுத்தமும் எங்கே என்று மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். போதும். எழுத்துத் தமிழில் உள்ள விவரிப்பை நடுவில் "இருந்துச்சு, வந்துச்சு" என்று மாற்றி வாசிப்பவர்களும் இருக்கிறார்கள். பத்து வரி மாற்றுவார்கள், பதினோராவது வரி "இருந்தது" என்று வந்துவிடும். ஆசிரியர் எழுதியதை எழுதியபடியே விடுவது உத்தமம்.

இசை, ஹெட்ஃபோன், முதல் பத்தி

பின்னணி இசை ஒரு திரை. புல்லாங்குழலை உரக்க வைத்துவிட்டால் குரலின் பிசிறு தெரியாது என்று நினைக்கிறார்கள். பிசிறோடு சேர்ந்து சொல்லும் தெரியாமல் போகிறது. முதல் ஐந்து கதைகளுக்கு இசையே வேண்டாம்.

பேசும்போதே ஹெட்ஃபோனில் தன் குரலைக் கேட்பது புதியவருக்குக் கெடுதல். கவனம் கதையை விட்டுக் குரலுக்குப் போய்விடும். அதுவும் புளூடூத் என்றால் குரல் சற்றுத் தாமதமாகத் திரும்பி வரும். தன் குரலே தாமதித்துக் காதில் விழுந்தால் நன்றாகப் பேசுகிறவருக்கும் நாக்குத் தடுமாறும். கழற்றி வைத்துவிட்டு வாசியுங்கள்.

முதல் பத்தியை இருபது தடவை எடுப்பது இன்னொரு வியாதி. தடுமாறினால் நிறுத்தாதீர்கள். ஒரு கைதட்டு, முந்தைய வாக்கியத்திலிருந்து மறுபடி. எடிட் செய்யும்போது ஆடாசிட்டி போன்ற ஒலித்தொகுப்பு மென்பொருளின் திரையில் அந்தக் கைதட்டு கோபுரம் மாதிரி நிற்கும், அங்கே வெட்டிக்கொள்ளலாம். அந்த மறுவாசிப்பும் சொதப்பினால் இன்னொரு கைதட்டு. தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருக்காமல் ஒரு மிடறு தண்ணீர். நாக்கு 'சப்பு சப்பு' என்று ஒட்டும் சத்தம் வந்தால் ஒரு துண்டு ஆப்பிள் உதவும், ஆடியோ புத்தகம் வாசிக்கிறவர்களின் பழைய வைத்தியம் அது.

எந்தக் கதை என்பதிலும் கவனம் வேண்டும். ஐந்து பாகச் சரித்திர நாவலோடு தொடங்காதீர்கள், பத்துப் பக்கச் சிறுகதை போதும். உங்கள் ஊர்ப் பேச்சு உள்ளதாக இருந்தால் இன்னும் நல்லது. பதிப்புரிமைச் சிக்கல் வராமலிருக்க, இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு தாண்டியிருக்க வேண்டும், அல்லது அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாக இருக்க வேண்டும். அவற்றில் சேராததற்கு உரிமை உள்ளவரிடம் அனுமதி கேட்டுவிடுங்கள்.

முடித்ததும் யாரிடம் காட்டுவது? இங்கேதான் கடைசித் தவறு. நண்பருக்கு அனுப்பிவிட்டு "வாய்ஸ் எப்படி இருக்கு?" என்று கேட்பார்கள். அவர் "சூப்பர்டா" என்பார், அல்லது "கொஞ்சம் பேஸ் பத்தல" என்பார். இரண்டாலும் பயனில்லை. இரண்டாவது பதிலால் நீங்கள் மறுபடி அடிக்குரலுக்கு ஓடுவீர்கள். கதையைப் படித்திராத ஒருவருக்கு அனுப்புங்கள். குரலைப் பற்றி எதுவும் கேட்காமல், "மாணிக்கம் ஏன் பீடியைக் கீழே போட்டார்?" என்று கேளுங்கள். அவர் பதில் சொன்னால் அடுத்த கதைக்குப் போகலாம். முழித்தால், எந்த வரியில் விட்டுப்போனது என்று அவரிடமே விசாரித்து, அந்தப் பக்கத்தை மட்டும் பென்சிலோடு எடுத்து உட்காருங்கள்.